அவிட்டத்தில் அடைத்த அறை

கொற்றலை நகரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற வழக்கம் கிடையாது. திருட்டுப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே திருட வருகிறவன் மனசு கேட்காமல் ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவான். காரணம் வேறு. அங்கே வீடுகளுக்கு மூச்சு வேண்டும், மனிதர் விடுகிற மூச்சு. கல்யாணம், காரியம் என்று குடும்பத்தோடு கிளம்ப வேண்டி வந்தால், பக்கத்து வீட்டில் சும்மா இருக்கிறவனைப் பிடித்து, "ரெண்டு நாளு நம்ம வூட்ல படுத்து மூச்சு வுட்டுட்டுப் போடா" என்று சாவியைக் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கும் சொல்லிவைப்பார்கள். கல்யாணமாகாத சில தடியன்கள் இப்படியே வயிறு வளர்த்தார்கள்.

கடல் பழைய குப்பங்களை ஒவ்வொன்றாக விழுங்கிய வருஷங்களில் வந்த குடியிருப்பு அது. ஆயிரக்கணக்கான பேருக்கு அவசரமாக வீடு வேண்டியிருந்தது. ப்ரீகாஸ்ட் முறையில், சுவரையும் தளத்தையும் யார்டிலேயே பலகை பலகையாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி நிறுத்தி, போல்ட்டு முடுக்கிவிடுவார்கள். அது பழைய சங்கதிதான். புதுசு என்னவென்றால், இந்தப் பலகையில் சிமென்ட் பாதிக்கும் குறைவு. அனல்மின் நிலையச் சாம்பலும், கூடவே உயிருள்ள ஒரு நுண்தூளும் கலந்திருந்தார்கள். நம் மூச்சில் இருக்கிற கரியையும் ஈரத்தையும் அந்தத் தூள் குடிக்கும். குடித்து, சுண்ணாம்பாக மாற்றி, விரிசலை அடைக்கும். வருஷத்துக்கு வருஷம் சுவரைக் கெட்டியாக்கும். அதனால் சுவர் மெலிசாக இருந்தால் போதும். செலவும் குறைவு, புகையும் குறைவு. சாவி கொடுத்த விழாவில் அதிகாரி மைக்கைப் பிடித்து, "நீங்க மூச்சு விடுற வரைக்கும் உங்க வீடு நிக்கும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மூச்சு நின்றுபோகிறவர்களைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் யோசனை வரவில்லை.

சட்டத்தில் யோசித்து வைத்திருந்தார்கள். இரண்டு அறை வீட்டுக்குக் குறைந்தது இரண்டு பேர். ஒருவர் தனியாளாகிவிட்டால், அனல்மின் நிலையம் சாம்பலைக் கொட்டுகிற சாம்பல் ஏரிக்கு எதிரே இருக்கிற ஒற்றை அறைக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. தனி மூச்சால் அத்தனை சுவரையும் ஊட்டிக் காப்பாற்ற முடியாது.

தயாளன் அந்த யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். அந்த நகரில் பாதிச் சுவர்களைத் தூக்கி நிறுத்தியது அவன் கைதான். தன் வீட்டு மூன்றாம் மாடிப் படுக்கையறையின் வெளிச்சுவரைத் தூக்கிய அன்று, பெண்டாட்டி கோமளாவைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, "இதுதான்டி நம்ம செவுரு, நல்லா பாத்துக்கோ" என்று கேபினிலிருந்து கத்தினான். அவள் முந்தானையை வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டு, "கீய போட்டுடாதய்யா" என்று கத்தினாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சுவரோரத்தில்தான் அவள் கடைசியில் படுத்தாள்.

சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் கருவாடு காயப்போட்டு வாழ்ந்த உடம்பு. நுரையீரல் எப்போதோ போய்விட்டிருந்தது; புது வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தெரிய வந்தது. எட்டு மாசம் படுக்கை. முதலில் அவன் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள். யார்டிலிருந்து வந்து கட்டிலோரம் குந்தினால், அன்றைக்கு எந்தப் பலகை எந்த பிளாக்குக்குப் போனது என்று கேட்பாள். ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அதன் பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டு படுத்தாள்.

"இன்னாடி, என் மூஞ்சிய பாக்கப் புடிக்கலையா?"

"இருமல் நாத்தம்யா. நீ போய் சோறு துன்னு."

"நாத்தமா? கருவாட்டுக்காரியக் கட்டிக்கினவன்கிட்ட நாத்தம்ன்றியே."

அவள் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா, இருமினாளா தெரியவில்லை. தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பப் பார்த்தான். கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்துவிட்டு, கடைசியில் முதுகைக் காட்டிவிட்டாளே என்று தயாளனுக்கு நெஞ்செல்லாம் வலித்தது. என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தான். ஒன்றா இரண்டா, நிறைய வந்தது. எதற்காக இந்தக் கோபம் என்றுதான் தெரியவில்லை. கேட்காமலே இருந்துவிட்டான். சுவரைப் பார்த்தபடியே அவள் போய்ச் சேர்ந்தாள்.

அவளைத் தூக்கும்போது தயாளன் அழுதது பிரிவுக்காக மட்டும் இல்லை. தலையணை தூக்குகிற மாதிரி இருந்தாள். அத்தனை உடம்பும் எங்கே போயிற்று என்று அடித்துக்கொண்டான்.

கோமளாவின் அக்கா கன்னியம்மா வந்து, பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொல்லி, வாயில் துணியைப் பொத்திக்கொண்டாள்.

"அவிட்டத்துல போயிட்டாய்யா. அடைப்பு. ஆறு மாசம் ரூம சாத்தணும்."

அவிட்டம், சதயம் மாதிரி சில நட்சத்திரங்களில் உயிர் போனால், போன அறையை மாசக்கணக்கில் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். திறந்தால் போன உயிர் நிம்மதியாகப் போகாது, வீட்டில் இன்னொரு உயிரையும் கேட்கும் என்பார்கள். தயாளனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கோமளாவுக்கு இருந்தது. அவள் அப்பா சதயத்தில் செத்தபோது, குடிசையில் இருந்த ஒரே அறையைப் பூட்டிவிட்டு, வலைக் கொட்டகையில் மழையிலும் பனியிலும் அரை வருஷம் படுத்தவள் அவள். அவனும்தான் கூடப் படுத்தான்.

"எங்க அப்பனுக்கு அவ செஞ்சா," என்றாள் கன்னியம்மா. "அவளுக்கு யாருய்யா கீறா செய்ய? புள்ளையா, குட்டியா?"

கோபித்துக்கொண்டு போனவளுக்கு இதையாவது குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று தயாளன் முடிவு செய்தான். அறையைப் பூட்டினான்.

கொற்றலை நகரில் அறையைப் பூட்டுவது குற்றம். ஆனால் அந்த நகரில் இருக்கிறவர்கள் எல்லாம் அதே குப்பத்து ஜனங்கள். அடைப்பு என்றதும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒத்தாசை வேறு செய்தார்கள். ஒருவர் ஜன்னல் இடுக்குக்கு டேப் ஒட்டினார். ஒருத்தி கதவுக்கு அடியில் சாக்கைச் சுருட்டி அடைத்தாள். சுவரில் பதித்திருந்த வட்டக் கருவியை ஜனங்கள் காது என்பார்கள். அது ஆபீசுக்குப் புகார் சொல்லும். "அது கெட்டுப் போச்சு சார், இருமல் மருந்து கொட்டிடுச்சு" என்று ஆபீசில் சொல்லியாயிற்று. மாசாமாசம் வந்து சுவர்களைச் சோதிக்கிற என்ஜினியர் ஷாஹிதா அந்தச் சமயம் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். அவளுக்குப் பதிலாக வந்தவர் படியேற அலுத்துக்கொண்டு கீழேயே டீ குடித்துவிட்டுப் போனார்.

தயாளன் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தான். கன்னியம்மா தினம் சாயங்காலம் வந்து பூட்டின கதவுக்கு முன்னால் விளக்கு ஏற்றிவிட்டுப் போனாள். ஒற்றை அறைக்கு மாறச் சொல்லி ஆபீசிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. "ஆறு மாசம் போவட்டும், நானே கெளம்பிடுறேன்" என்றான். ஆனால் கிளம்ப அவனுக்கு மனசில்லை. அவள் கடைசியாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

ஐந்தாவது மாசம், மேல்வீட்டு ரெஜினாவின் தரையில் விரிசல் விட்டது. தவழ்கிற குழந்தை விரலைவிட்டு நோண்டிக்கொண்டிருந்ததாம். அவள் ஆபீசுக்குப் போன் போட்டாள். ஊர் திரும்பியிருந்த ஷாஹிதா அன்றைக்கே வந்துவிட்டாள்.

விளக்கையும், பூட்டையும், கதவடிச் சாக்கையும் ஒரு நிமிஷம் பார்த்தாள். கத்துவாள் என்று தயாளன் எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை.

"எத்தனை மாசம் ஆச்சுண்ணே?"

"அஞ்சு. இன்னும் ஒண்ணுதான் மேடம். முடிச்சிட்டேன்னா நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

"மேல குழந்தை தவழுதுண்ணே. இந்தச் சுவர்தான் அந்தத் தரையைத் தாங்குது."

"பக்கத்து ரூம்ல நான் மூச்சு வுடுறேனே, பத்தாதா?"

"பத்தாது. வெளிப்பக்கம் உப்புக் காத்து படாம இருக்கப் பூச்சு பூசி அடைச்சிருக்கு. உள்பக்கம்தான் அதுக்கு வாய். அந்த வாயை அஞ்சு மாசமா பொத்தி வெச்சிருக்கீங்க."

கன்னியம்மா கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "தொறந்தா இன்னொரு உசுரு போவும்மா, உனுக்குத் தெரியாது."

"திறக்கலைன்னாலும் போகும் ஆத்தா," என்றாள் ஷாஹிதா.

கன்னியம்மா அவளைப் பார்த்தாள், மேலே கூரையைப் பார்த்தாள், ஒதுங்கிக்கொண்டாள். தயாளன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். பூட்டைத் திறந்தான்.

உள்ளே சுவரடி முழுக்க வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தது. ஷாஹிதா சுவரில் விரலால் அழுத்தினாள். நகக்கண் வரை உள்ளே போனது. அவள் முகம் மாறியது. அங்கங்கே தட்டிக்கொண்டே போனவள் கட்டில் தலைமாட்டில் நின்றுவிட்டாள். தலையணை உயரத்தில், சுவர் ஒரு முறம் அளவுக்குப் புடைத்திருந்தது. வெள்ளை வெளேரென்று, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி. தட்டினால் கருங்கல் சத்தம் கேட்டது.

"இது இன்னா மேடம்? செவுரு வீங்கிக்கினு கீது?"

ஷாஹிதா அந்தப் புடைப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"கோமளாக்கா உங்ககிட்ட சொல்லவே இல்லையாண்ணே?"

"இன்னா சொல்லல?"

"ஒரு தடவை நான் சோதிக்க வந்தப்போ கேட்டாங்க. நான் போயிட்டா அவரு ஒண்டியாளு, வூட்ட புடுங்கிக்கினு சாம்பல் ஏரிக்கு அனுப்பிடுவீங்களான்னு. ஆமாக்கா, சட்டம் அப்படின்னேன். ஆனா ஒண்ணு, சுவரு நல்லா கெட்டியா விளைஞ்சிருந்தா ஒரு ஆள் மூச்சே அதுக்குப் போதும், அப்ப அளந்து பார்த்து விட்டுக் கொடுப்பாங்கன்னு சொன்னேன். கிட்ட படுத்து மூச்சு விட்டா சீக்கிரம் விளையுமான்னு கேட்டாங்க. விளையும்னேன்." ஷாஹிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அடுத்த மாசம் வந்தப்போ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாங்க. எவ்ளோ வந்திருக்கு, அளந்து சொல்லுன்னாங்க. ஒவ்வொரு மாசமும் அதையேதான் கேட்டாங்க."

தயாளன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அந்தாளு என்னை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுடுவாருன்னாங்க."

திருப்பித்தான் போட்டிருப்பான். வீடாவது வெங்காயமாவது, என் மூஞ்சியைப் பாருடி என்று திருப்பியிருப்பான். தனக்கே மூச்சுப் பற்றாமல் திணறினவள், இருந்த கொஞ்சத்தையும் சுவருக்குக் கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவனோ முதுகைப் பார்த்துப் பார்த்துக் கோபம் என்று நினைத்திருக்கிறான்.

"அப்ப போதலையா?" என்றான். "அவ வுட்டது போதலையா?"

"போதும்ணே. போதுமானது விளைஞ்சிருந்தது. இந்த இடத்துல இருந்து அதுவா சுவர் பூரா பரவியிருக்கும். அதுக்கப்புறம் அதுக்கு வேண்டியது..." அவள் நிறுத்திவிட்டாள்.

"சொல்லும்மா."

"நீங்க இங்க படுத்திருந்தாப் போதும்."

கன்னியம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அய்யோ கோமளா, நான்தானடி சாத்தச் சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தயாளன் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பூட்டினது அவன் கை.

"இப்ப படுக்கறேன்," என்றான் திடீரென்று. "இன்னிலேர்ந்து நான் வேலைக்கே போவல. இங்கியே கெடக்கறேன். பொழச்சுக்குமா?"

ஷாஹிதா பொய் சொல்லத் தெரியாதவள். மேல்வீட்டுத் தரைக்கு ஜாக்கி முட்டு கொடுக்க ஏற்பாடு செய்தாள். ரெஜினாவைக் குழந்தையோடு வேறு வீட்டுக்கு அனுப்பினாள். "ஒரு வாரம் பார்ப்போம்ணே," என்றாள்.

சேதி எப்படித்தான் பரவியதோ, மறுநாள் காலையிலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். டேப் ஒட்டினவர் வந்தார். சாக்கு அடைத்தவள் வந்தாள். வீடு வீடாக மூச்சு விடப் போகிற தடியன்கள் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பத்து பேர், பதினைந்து பேர், சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, வாயைத் திறந்து ஊதினார்கள். மீன் விற்கப் போகிறவள் கூடையை மாடிப்படியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஊதிவிட்டுப் போனாள். அடைப்பு இன்னும் முடியவில்லையே என்று ஒருவரும் பேசவில்லை. கன்னியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரில் முகத்தை ஒட்டவைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். மயக்கம் வந்து இரண்டு தடவை விழுந்தாள். தயாளன் கோமளாவின் தலையணையில், அவள் படுத்த மாதிரியே படுத்தான். புடைப்பு கன்னத்தில் ஜில்லென்று பட்டது. அவனுடையது முரட்டு மூச்சு, கிரேன்காரன் மூச்சு. எல்லாவற்றையும் விட்டான்.

ஷாஹிதா தினமும் வந்து கருவியை வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. தூள் செத்திருந்தது. அந்த முறம் அளவு இடம் மட்டும் கல்லாக நின்றது. சுற்றி எல்லாம் பொடியாகிக்கொண்டிருந்தது. கல்லின் கனத்தையே மற்ற சுவரால் தாங்க முடியாமல், அதைச் சுற்றி விரிசல் ஓட ஆரம்பித்தது.

வாரக் கடைசியில் அவள் வாசலிலேயே நின்றாள்.

"கழட்டணும்ணே."

"அந்த எடத்த மட்டும் வெட்டிக் குடுக்க முடியாதா?"

"வெட்டினா அது அப்படியே இடிஞ்சு உங்க மேலதான் விழும். முழுசாத்தான் இறக்கணும். கீழ போனதும் பொறுக்கிப் பார்க்கிறேன்ணே. ஆனா இறக்குறப்பவே உதிர்ந்துடும்னு நினைக்கிறேன். மிச்சம் அரவைக்குப் போய் புதுப் பலகையில சேரும். புதுச் சுவர் இன்னும் விளைஞ்சிருக்காது, அதனால நீங்க..."

"சாம்பல் ஏரிக்குப் போறேன். தெரியும்மா."

வேறு கிரேன்காரனைப் போடலாம் என்றார்கள். "நான் தூக்கினது, நானே எறக்குறேன்" என்று தயாளன் ஏறிவிட்டான்.

காற்று அதிகமில்லாத காலை. முட்டெல்லாம் கொடுத்தாயிற்று. போல்ட்டுகளைக் கழற்றி, சங்கிலி மாட்டி, கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏகவள்ளி வாக்கிடாக்கியில், "தூக்குண்ணே" என்றாள். நெம்புகோலை அசைத்தான். சுவர் வீட்டைவிட்டு வெளியே வந்தது. அறை திறந்துபோய், கட்டிலும், கோமளாவின் சேலை தொங்கின கொடியும் வெயிலில் தெரிந்தன.

எதிரே இருந்த திரையிலும், கீழே கிரேன் அடியில் இருந்த திரையிலும் எடை காட்டியது. அந்த ரகப் பலகையின் எடை தயாளனுக்குத் தன் பெயர் மாதிரி பாடம். எத்தனை தூக்கியிருக்கிறான், எல்லாம் ஒரே அச்சு, ஒரே எடை.

"அண்ணே," என்றாள் ஏகவள்ளி. "மெஷின் கோளாறா? எடை ஜாஸ்தி காட்டுது. உதுந்துபோன செவுரு கொறச்சலாத்தான காட்டணும்?"

தயாளன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையணை மாதிரி அவளைத் தூக்கினது ஞாபகம் வந்தது. அத்தனை உடம்பும் எங்கே போயிற்று என்று அன்றைக்குக் கதறினானே.

"கோளாறு இல்லம்மா," என்றான். "சரியாத்தான் கீது."

சுவர் நடுவானத்தில் மெல்லச் சுழல ஆரம்பித்தது. காற்று லேசாகத்தான் இருந்தது, அதற்கே திரும்பியது. பூச்சு பூசின வெளிப்பக்கம் நகர்ந்து, உள்பக்கம் வந்தது. வெள்ளையாய், தலையணை உயரத்தில், அந்த இடம் கேபினுக்கு நேராக வந்து நின்றது.

"அண்ணே, செவுரு உன் பக்கம் திரும்பிடுச்சு," என்று ஏகவள்ளி கயிற்றை இழுத்தாள். "அந்தாண்ட திருப்பிடட்டா?"

"வாணாம்," என்றான் தயாளன். "திருப்பாத. அப்டியே வுடு."

கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கன்னியம்மா சேலையை வாயில் பொத்திக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள். தயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், துடைத்தால்தான் சுவர் தெரிந்தது. பிறகு நெம்புகோலை அவன் இதுவரை எந்தப் பலகைக்கும் அசைக்காத அளவு மெதுவாக அசைத்து, இறக்க ஆரம்பித்தான்.

"கீய போட்டுட மாட்டேன்டி," என்றான்.

வாக்கிடாக்கி அணைக்காமல் இருந்தது. ஏகவள்ளி காதில் அது விழுந்தது, கயிற்றைத் தளர்த்திவிட்டாள்.